அக்குபங்சருக்கு வருகிறவர் என்ன எதிர்பார்க்கிறார்? வன்னியில் இதை எப்படிக் கேட்டு எழுதுவது?

பரந்தன்_வைத்தியர்:

எல்லோருக்கும் வணக்கம். பரந்தன் பக்கம் ஒரு சின்ன சித்த மருந்தகத்தில் வேலை செய்கிறேன். எண்ணெய், குளிகையோடு கிழமையில் ஒரு நாள் அக்குபங்சரும் (உடம்பில் குறித்த புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்துகிற சீன முறை) செய்கிறோம். வருகிறவர்களில் பலருக்கு நாரி நோ, முழங்கால் நோ. மற்றவர்கள் போரில் காயப்பட்டவர்கள். காலை இழந்து, இல்லாத காலில் எரிகிறது என்று வருகிறவர், உடம்புக்குள் செல் பீஸ் (குண்டுச் சிதறல்) இருக்கிறவர், முள்ளந்தண்டில் அடிபட்டவர் என்று எல்லோரும் வருகிறார்கள்.

நோவை 0 முதல் 10 வரை கேட்டு அட்டையில் எழுதுகிறோம். அது போதாது என்று எனக்குப் படுகிறது. ஒரே வருத்தம், ஒரே புள்ளிகள், ஊசியும் அதேயளவு. ஒருவர் மூன்றாம் முறையே முகம் தெளிந்து வருகிறார், மற்றவருக்கு ஒரு மாற்றமும் இல்லை. இவர்கள் என்ன நினைத்துக்கொண்டு வந்து படுக்கிறார்கள்? எங்கள் அட்டையில் அதை எழுத இடமே கிடையாது.

அமெரிக்காவில் ஜுன் மாவோ என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் இதற்கென்றே ஓர் அளவுகோல் செய்திருக்கிறார்கள். சீனாவில் நோயாளிகளிடம் சோதித்து 2007 இல் வெளியிட்டது. நாலே கேள்விதான். என் வருத்தம் நன்றாகக் குறையும், வருத்தத்தைச் சமாளிக்க என்னால் கூடுதலாக முடியும், வருத்தத்தின் அறிகுறிகள் இல்லாமலே போகும், உடம்பில் தெம்பு கூடும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. ஆகக் குறைந்தது 4, ஆகக் கூடியது 20.

இதை இங்கே அப்படியே பாவிக்கலாமா? ஊசி போடுகிறவர்களும் ஊசி போட்டுக்கொண்டவர்களும் கணக்கெடுப்பு செய்து பழகினவர்களும் எழுதுங்கள். உண்மையாகவே வேண்டிக் கேட்கிறேன்.


யாழ்_புள்ளியியல்:

அக்கா, நல்ல கேள்வி. நான் பொதுச் சுகாதாரம் படிக்கிறேன், புள்ளிவிபரம்தான் என் பக்கம்.

நீங்கள் சொன்ன அளவுகோல் அக்குபங்சருக்கென்றே செய்தது, சின்னது, நேரம் எடுக்காது. எந்தச் சிகிச்சைக்கும் பாவிக்கக்கூடியதாக இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒன்று டெவிலி, போர்கோவெக் என்ற ஆய்வாளர்கள் 2000 இல் வெளியிட்ட ஆறு கேள்வி. அதன் வேர் 1972 வரை போகிறது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. முதல் பகுதியில் இந்தச் சிகிச்சை பலன் தரும் என்று 'நினைக்கிறீர்களா' என்று கேட்பார்கள். இரண்டாம் பகுதியில், சற்றுக் கண்ணை மூடி உள்ளுக்குள் என்ன 'உணர்கிறீர்கள்' என்று பாருங்கள் என்பார்கள். இரண்டுக்கும் ஒரே ஆள் வேறு வேறு எண் சொல்லலாம். சிகிச்சை நியாயமானது என்று ஒருவருக்குப் புரிந்திருக்கும், ஆனால் தனக்குச் சரிவரும் என்று மனம் ஒப்பாது.

மற்றது ஸ்ரான்ஃபோர்ட்டில் செய்தது, 2012. அதிலும் ஆறு கேள்விதான். மூன்று நல்லதை எதிர்பார்ப்பது பற்றி, மூன்று பயத்தைப் பற்றி. மாவோவின் நாலு கேள்வியில் பயத்துக்கு இடம் இல்லை.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். முதல் ஊசிக்கு முன் கேட்கிற எண்ணும் மூன்று தரம் போட்ட பிறகு கேட்கிற எண்ணும் ஒன்றல்ல. பின்னதில் அவர் கண்ட பலனும் உங்கள் கைப்பழக்கமும் கலந்துவிடும்.


முள்ளியவளையான்:

நான் படித்த ஆள் இல்லை, ஊசி போட்டுக்கொண்ட ஆள். எனக்கு நாரிக்கு மேலே இரண்டு பீஸ் இருக்கிறது. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். எடுக்கப் போனால் நரம்புக்கு ஆபத்து என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

முதன்முதல் ஊசிக்குப் போன இடத்தில், அங்கிருந்தவர் ஊசிப் பக்கற்றைக் கிழித்தபடியே, "ஐயா, இதில் சுகம் வரும் என்று நம்புகிறீர்களோ?" என்று கேட்டார். நான் சேட்டைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்திருக்கிறேன். அந்த நேரம் யார் இல்லை என்று சொல்லுவான்? "உங்கட கையால சுகம் வரும்" என்றேன். என் மனதில் இருந்தது வேறு. ஊசி போய்ப் பீஸில் முட்டினால் என்ன நடக்கும், அது இடம் மாறினால் கால் வழங்காமல் போகுமோ என்ற யோசனைதான் முழுக்க. அதை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மற்றது படிவம். இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாமில் தொடங்கின எழுத்து இது. பதிவு, பிறகு மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம், மலசலகூடம், கோழிக்குஞ்சு, வாழ்வாதாரம். ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் ஒரு பட்டியல். கஷ்டத்தைக் கூட்டிச் சொன்னால் பெயர் வரும், ஓரளவு சமாளிக்கிறோம் என்றால் வெட்டுப்படும் என்று சனம் கண்டு பழகிவிட்டது. நீங்கள் தாளும் பேனையுமாக வந்து இருந்தால், கேள்விக்கு மறுமொழி யோசிக்க முதல், இந்த எண் எங்கே போகும் என்றுதான் யோசிப்போம். நன்றாகக் குறையும் என்று சொன்னால் அடுத்த முறை கூப்பிடாமல் விடுவார்களோ என்றும் யோசிப்போம்.


பரந்தன்_வைத்தியர்:

ஐயா, இதைத்தான் கேட்க இருந்தேன். ஊசி பிடிக்கிற கை கேள்வி கேட்கக் கூடாது என்பது இதிலேயே விளங்குகிறது. எங்களிடம் மருந்து கட்டிக் கொடுக்கிற பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அவள் வெளி விறாந்தையில் இருந்து கேட்டால்? எழுதினது எனக்கு வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டால்?


மல்லாவி_கணக்கெடுப்பு:

அந்தப் பிள்ளையும் மருந்தகத்து ஆள்தான் டொக்டர். ஆனாலும் உங்களைவிடப் பரவாயில்லை. சனம் அவளோடு மனம்விட்டுக் கதைக்கும்.

நான் துணுக்காய், மாந்தை கிழக்குப் பக்கம் பல திட்டங்களுக்கு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவன். ஒன்று முதல் ஐந்து வரை என்ற முறை வயது போனவர்களிடம் சரிவராது. "ஓரளவு", "நன்றாக", "மிக நன்றாக" என்று வாசித்துக்கொண்டே போனால் கடைசியாகக் காதில் விழுந்ததைச் சொல்லுவார்கள். இல்லாவிட்டால் நாலு கேள்விக்கும் ஒரே எண். எங்களுக்கு அலுவல் முடிந்துவிடும், தாளும் நிறைந்துவிடும். தரவு என்று ஒன்றும் இருக்காது.

நாங்கள் கடைசியில் புளியங்கொட்டைக்கு வந்தோம். பத்துக் கொட்டை, இரண்டு சிரட்டை. ஒரு சிரட்டை 'நடக்கும்', மற்றது 'நடக்காது'. பிரித்துப் போடச் சொல்லுவோம். ஒரு ஆச்சியை எனக்கு நல்ல நினைவு. முழங்கால் நோவுக்குப் பரியாரியிடம் போகிறவ. பலன் வரும் என்கிற சிரட்டையில் கடகடவென்று எட்டுப் போட்டா. போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு மூன்றைத் திருப்பி எடுத்து மற்றச் சிரட்டையில் போட்டுவிட்டு, "நோ குறையும் தம்பி, ஆனால் களை பிடுங்கக் குனியேலாது" என்றா. தாளில் கேட்டிருந்தால் எட்டு என்று எழுதிக்கொண்டு வந்திருப்பேன். அந்த மூன்று கொட்டையில்தான் அவ என்ன எதிர்பார்க்கிறா என்பது இருந்தது.

பிரித்துப் போடும்போது வாயால் சொல்வதையும் அப்படியே எழுதுங்கள். எண்ணை மட்டும் எழுதினால் பாதி போய்விடும்.


யாழ்_புள்ளியியல்:

அண்ணை, இது நல்ல முறை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். கொட்டையில் வருகிற எண்ணை மாவோவின் 4 முதல் 20 வரையான எண்ணோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. உள்ளூருக்குப் பாவிக்கலாம். வெளியூர் ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டும் என்றால் மூலக் கேள்விகளை முறைப்படி மொழிபெயர்த்து, இன்னொருவரைக் கொண்டு திருப்பி மொழிபெயர்த்து, பிறகு கொஞ்சப் பேரிடம் 'இந்தக் கேள்வி உங்களுக்கு என்னவாக விளங்கியது' என்று கேட்டுத் திருத்த வேண்டும். அந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுவார்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மல்லாவியில் இருந்து பஸ் ஏறி, மாங்குளத்தில் மாறி, பரந்தனில் இறங்கி வருகிறவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். நம்பிக்கை இல்லாதவர் வரவே மாட்டார். அதனால் எல்லோரும் 18, 19, 20 என்றுதான் சொல்லுவார்கள். எல்லோரும் மேலே போய் முட்டிக்கொண்டு நின்றால் ஒருவருக்கும் மற்றவருக்கும் வித்தியாசம் காண முடியாது.


வவுனியா_டொக்டர்:

நான் ஆங்கில மருத்துவம். மரியாதையோடுதான் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம்.

ஜெர்மனியில் நாட்பட்ட நாரி நோவுக்கு ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். 2007 இல் வந்தது, 1162 நோயாளிகள். ஒரு பகுதியினருக்கு முறைப்படி அக்குபங்சர். ஒரு பகுதியினருக்குப் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாம் பகுதியினருக்கு மருந்து, பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை. ஆறு மாதத்தில் பலன் கண்டவர்கள் முறையே நூற்றுக்கு 47.6, 44.2, 27.4. உண்மை ஊசிக்கும் பொய் ஊசிக்கும் இடையில் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டும் வழக்கமான சிகிச்சையை நன்றாகவே தாண்டி நிற்கின்றன.

இதைப் பார்த்தால் எதிர்பார்ப்புத்தான் மருந்தின் பெரும்பகுதி என்று தோன்றும். அப்படியென்றால் அதை அளந்து என்ன செய்யப் போகிறீர்கள்? எண் குறைந்தவரிடம் 'நிச்சயம் சுகம் வரும்' என்று சொல்லிக் கூட்டப் போகிறீர்களா? நம் சனம் ஏற்கெனவே வாக்குறுதிகளால் நொந்துபோய் இருக்கிறது. என் கவலை அதுதான்.


குளத்தடி:

டொக்டர் சொன்னதை வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் அவருக்கு 2009 இல் முள்ளந்தண்டில் காயம். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. சில வருடங்களுக்கு முன் ஓரிடத்தில் ஊசிக்குக் கொண்டுபோனோம். இடத்தைச் சொல்ல விருப்பமில்லை. அங்கே இருந்தவர், "ஆறு மாதத்தில் எழும்பி நிற்பார்" என்றார். இவர் அன்றிரவே செருப்பு வாங்க வேண்டும் என்று கதைத்தார். நீங்கள் கேட்கிற நாலு கேள்வியையும் அன்றைக்குக் கேட்டிருந்தால் இருபதுக்கு இருபது சொல்லியிருப்பார்.

ஆறு மாதம் போனது. அதற்குப் பிறகு ஒரு கிளினிக்குக்கும் வரமாட்டேன் என்றுவிட்டார். படுக்கைப் புண் வந்தபோதுகூட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

நான் கேட்பது இதுதான். கேட்டு எழுதின பிறகு என்ன செய்வீர்கள்? எண்ணை எழுதிவிட்டு ஊசியைப் போடுவீர்களா, அல்லது "அண்ணை, நடக்கிறது இதால் வராது, ஆனால் கால் இழுப்புக் குறையுதா என்று பார்ப்போம், நித்திரை வருதா என்று பார்ப்போம்" என்று சொல்லுவீர்களா? எங்களிடம் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவர் ஏற்றுக்கொண்டிருப்பார். இவர் விளங்காத ஆள் இல்லை.


பரந்தன்_வைத்தியர்:

அக்கா, நீங்கள் எழுதினதை எங்கள் மருந்தகத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

கேட்பதன் பயனே நீங்கள் சொன்னதுதான் என்று நம்புகிறேன். இருபது சொல்கிற ஆளிடம்தான் நான் கூடுதல் நேரம் இருந்து கதைக்க வேண்டும். குறைந்த எண்ணைக் கூட்டுவதற்கு அல்ல. மூன்றாம் கேள்வி, அறிகுறி இல்லாமலே போகும் என்பது, முள்ளந்தண்டு காயக்காரரிடமும் பீஸ் இருக்கிறவரிடமும் கேட்கக் கூடாத கேள்வி. அது போகாது என்று தெரிந்துகொண்டே நான் அதைக் கேட்டால், போகும் என்று சொல்லிக் கொடுத்தது போலாகும்.

வவுனியா டொக்டருக்கும் அதே மறுமொழிதான். உங்கள் கவலை நியாயமானது.


யாழ்_புள்ளியியல்:

வவுனியா டொக்டர் சொன்ன எண்கள் சரி. ஆனால் அதோடு நிறுத்தினால் படம் முழுமையாகாது. விக்கர்ஸ் குழு 2018 இல் 39 ஆய்வுகளில் இருந்த 20,827 நோயாளிகளின் தரவை ஒன்றாக்கிப் பார்த்தது. உண்மை ஊசி பொய் ஊசியைவிடச் சற்று மேலே நிற்கிறது. வித்தியாசம் சின்னது, ஆனால் இருக்கிறது. ஊசியே போடாதவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிது. எதிர்பார்ப்பு மட்டும்தான் எல்லாம் என்றும் சொல்லேலாது, அது ஒன்றுமில்லை என்றும் சொல்லேலாது.

மாவோவின் அளவுகோலையே பாவித்து ஒரு ஆய்வு, 2014 இல் வந்தது. மார்பகப் புற்றுநோய் மருந்தால் மூட்டு நோ வந்த பெண்கள். பொய் ஊசி போட்டவர்களில், தொடக்கத்தில் எதிர்பார்ப்புக் கூடியவர்களுக்கு நோ கூடுதலாகக் குறைந்தது. உண்மையான மின் ஊசி (ஊசி வழியே மெல்லிய மின்சாரம் விடுவது) போட்டவர்களில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. என் கருத்தில், எதிர்பார்ப்பை அளக்காத ஆய்வு இந்த வித்தியாசத்தைக் கண்டிருக்கவே முடியாது.

அப்புறம், ஜெர்மனியில் லிண்டே குழு நாலு ஆய்வுகளில் இருந்து 864 பேரின் தரவைப் பார்த்து 2007 இல் எழுதினது. ஒற்றைத் தலைவலி, இறுக்கத் தலைவலி, நாரி, முழங்கால். எதிர்பார்ப்புக் கூடினவர்களுக்குப் பலனும் கூட. அவர்கள் தொடக்கத்திலும் கேட்டார்கள், மூன்று தரம் ஊசி போட்ட பிறகும் கேட்டார்கள். அக்கா, நீங்களும் அப்படிச் செய்யலாம்.


நெடுங்கேணி_வாசகன்:

ஒரு சின்ன விஷயம். ஊசிக்கு வருகிறவர்களில் கனபேர் வற்றாப்பளை அம்மனுக்கும் நேர்த்தி வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். வைகாசிப் பொங்கலுக்குக் காவடி எடுப்பேன், பாற்செம்பு எடுப்பேன் என்று. "சுகம் வருமா?" என்று கேட்டால் அம்மன் தருவா என்ற நம்பிக்கையில் வரும் என்பார்கள். அதை ஊசி மேல் வைத்த நம்பிக்கையாக எழுதிவிடாதீர்கள். இரண்டும் அவர்களுக்கு வேறு வேறு.


யாழ்_புள்ளியியல்:

மிக முக்கியமான கருத்து. 2001 இல் கலௌகலானி குழு நாட்பட்ட நாரி நோ உள்ள 135 பேரைப் பார்த்தது. ஒரு பகுதியினருக்கு அக்குபங்சர், மற்றவர்களுக்கு மசாஜ். தனக்குக் கிடைத்த சிகிச்சை மேல் எதிர்பார்ப்புக் கூட இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கு அன்றாட வேலை செய்கிற திறன் கூடியது. எதிர்பார்ப்புக் குறைந்தவர்களில் 68 பேருக்கு. பொதுவாக 'எப்படியும் சுகம் வரும்' என்ற நம்பிக்கைக்குப் பலனோடு பெரிய தொடர்பு இல்லை. அந்தச் சிகிச்சை மேல் வைத்த எதிர்பார்ப்புக்குத்தான் தொடர்பு. அதனால் 'சுகம் வருமா' என்று கேட்காமல் 'இந்த ஊசியால் என்ன வரும்' என்றே கேட்க வேண்டும்.

குளத்தடி அக்கா சொன்னதற்கும் ஆச்சியின் களை பிடுங்கலுக்கும் பொருத்தமான ஒரு கருவி உண்டு. சார்லட் பேட்டர்சன் என்ற மருத்துவர் இங்கிலாந்தில் செய்து 1996 இல் வெளியிட்டது. நோயாளியே தன்னை ஆகக் கஷ்டப்படுத்துகிற ஒன்றிரண்டு அறிகுறியைச் சொல்லுவார், அதனால் செய்ய முடியாமல் இருக்கிற ஒரு வேலையையும் சொல்லுவார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை. அது பலனை அளக்கிற கருவி, எதிர்பார்ப்பை அல்ல. ஆனால் அவர் சொன்ன அதே வேலையை வைத்து 'ஊசியால் இது எவ்வளவு சரிவரும் என்று நினைக்கிறீர்கள்' என்று கேட்டால் எதிர்பார்ப்பும் தரையில் நிற்கும்.


குளத்தடி:

இவரிடம் கேட்டேன். நித்திரையும், சக்கர நாற்காலியில் இரண்டு மணித்தியாலம் கால் இழுக்காமல் இருக்கிறதும் என்றார். நடக்கிறதைப் பற்றிச் சொல்லவில்லை.


பரந்தன்_வைத்தியர்:

அக்கா, அண்ணையின் மறுமொழியைத்தான் முதல் மாதிரியாக எடுத்திருக்கிறேன்.

இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன். விறாந்தையில் பிள்ளை கேட்பாள், நான் உள்ளே. இந்தத் தாள் எந்த உதவிக்கும் எந்தப் பட்டியலுக்கும் போகாது, என்ன சொன்னாலும் ஊசி கிடைக்கும் என்று முதலில் சொல்லுவாள். முதல் கேள்வி பயத்தைப் பற்றி. அதை மட்டும் அன்றைக்கே என்னிடம் சொல்ல வேண்டும், மற்றவை மூடின உறையில் இருக்கும். பிறகு செய்ய ஆசைப்படுகிற வேலை, பிறகு புளியங்கொட்டை. வாயால் சொல்கிற வார்த்தை பக்கத்தில் எழுத வேண்டும். மூன்றாம் ஊசிக்குப் பிறகு திரும்பவும். மாவோவின் நாலு கேள்வியை நோ மட்டும் உள்ளவர்களிடம், மொழிபெயர்ப்பு முடிந்த பிறகு, தனியாகப் பார்க்கலாம்.

எனக்கு ஒரு தயக்கம். உறை மூடியே இருந்தால் பத்துக் கொட்டையையும் 'நடக்கும்' சிரட்டையில் போட்டவரிடம் நான் எப்படி நேரம் எடுத்துக் கதைப்பது?


வவுனியா_டொக்டர்:

எல்லோரிடமும் கதையுங்கள். ஊசியால் என்ன வரும், என்ன வராது என்று முதல் நாளே எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சொல்லுங்கள். கொட்டையைப் பிரித்துப் போட்ட பிறகுதான் சொல்ல வேண்டும், முதல் அல்ல. அப்போது உறையைத் திறக்கத் தேவையில்லை. மூன்றாம் ஊசிக்குப் பிறகு எண் மாறுகிறதா என்பதும் தெரியும். எண் இறங்கி, ஆள் தொடர்ந்து வந்தால் அது நல்ல செய்தி என்று நான் எடுப்பேன்.


யாழ்_புள்ளியியல்:

இதை வெளியிட எண்ணம் இருந்தால் தொடங்க முதல் யாழ் மருத்துவ பீடத்தின் ஒழுக்கநெறிக் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் அக்கா. அளவுகோலை மொழிபெயர்க்க அதைச் செய்தவர்களிடம் அனுமதியும் கேட்க வேண்டும். திருப்பி மொழிபெயர்க்கிற வேலையை நான் எடுக்கிறேன். அதைச் செய்கிறவர் மூலத்தைப் பார்த்திருக்கக் கூடாது, நான் பார்த்துவிட்டேன், ஆகவே என் தோழி ஒருத்தியைப் பிடிக்கிறேன்.


முள்ளியவளையான்:

பயத்தை முதல் கேள்வியாக வைத்ததற்கு நன்றி டொக்டர். கேள்விகளை முதலில் யாரிடமாவது கேட்டுப் பார்க்க வேண்டும் என்றால் என்னிடம் கேளுங்கள். நான் வருகிறேன். வற்றாப்பளைப் பக்கம் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், இருவருக்கும் பீஸ். ஒருவர் ஊசி என்றாலே வேண்டாம் என்கிற ஆள். அவரையும் கூட்டி வந்தால் நம்பாத ஆளின் மறுமொழியும் உங்களுக்குக் கிடைக்கும்.


பரந்தன்_வைத்தியர்:

வாருங்கள் ஐயா, மூன்று பேரும் வாருங்கள். அவருக்கு ஊசி போட வேண்டும் என்று இல்லை, கேள்விக்கு மறுமொழி சொன்னாலே போதும். எக்ஸ்ரே படம் கையில் இருந்தால் மறக்காமல் கொண்டு வாருங்கள். உலோகத் துண்டு இருக்கிற இடத்தில் மின் ஊசி கொடுப்பதில்லை. எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் புள்ளி தீர்மானிப்பேன், அதை உங்களுக்கும் படத்தில் காட்டுவேன்.